ரெங்கசாமி எழுந்திருக்காத ஞாயிற்றுக்கிழமை

பேத்தி தர்ஷினிக்கு அடுத்த மாதம் பரீட்சை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வாய்விட்டுப் படிக்கிறாள். நான் எதிரில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருக்கிறேன். அவள் படிப்பது இங்கிலீஷ். எனக்கு இங்கிலீஷும் தெரியாது, தமிழ் எழுத்தும் தெரியாது. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். "புத்தகத்துல வரப்போவுது பாட்டி, கொஞ்சம் ஒழுங்கா சொல்லு" என்று என் பேச்சை வெளுத்துக் கஞ்சி போட்டுத் தருகிறாள். போடட்டும். கஞ்சி போடுவது எங்கள் பரம்பரைத் தொழில்தான், அதற்கு அப்புறம் வருகிறேன்.

அன்றைக்கு அவள் குரலில் என்னவோ அழுகை மாதிரி இருந்ததால் கேட்டேன்.

"என்ன கதைம்மா அது?"

"பழிவாங்குற கதை பாட்டி. அப்பாவ, கூடவே இருக்குற சித்தப்பாவே கொன்னுடுறாரு. அப்பா பேயா வந்து, என்னைக் கொன்னவன விடாதேன்னு மகன்கிட்ட சொல்றாரு. மகனும் சரிங்கிறான். ஆனா நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிக்கிட்டே போறான்."

"கடைசில?"

"கடைசில எல்லாரும் செத்துடுறாங்க. ஸ்டேஜ் முழுக்க டெட் பாடிலா."

"அப்புறம் யாரு யாருக்குப் பால் குடுத்தது?"

அவள் புத்தகத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கு வயதாகிவிட்டது என்று அவள் அம்மாவிடம் சொல்லப் போகிற பார்வை அது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எங்கே தெரியப்போகிறது. மேடையில் செத்தவனுக்குப் பால் கொடுக்காமல் வீட்டுக்கு அனுப்புவார்களா?

நான் சொல்வது இந்த மலாய் நாட்டுத் தலைநகரில் இருக்கிற பிரிக்பீல்ட்ஸ். இப்போது பெரிய ஸ்டேஷனும் பேரங்காடியும் கண்ணாடிக் கட்டடமும் நிற்கிறதே, அதற்குப் பக்கத்தில் அப்போதெல்லாம் வரிசை வரிசையாக ரயில்வே குவார்ட்டர்ஸ். அந்த வரிசை முடிகிற மூலையில் என் தாய்மாமன் சின்னையாவின் டோபிக் கடை. எனக்குக் கல்யாணம் ஆகாத வயது. ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்து மாமாவிடம் வேலைக்கு நின்றேன். கஞ்சி காய்ச்சுவது, துணிக்குத் தண்ணீர் தெளித்துச் சுருட்டி வைப்பது, இஸ்திரிப் பெட்டிக்குக் கரி போட்டு ஊதுவது, இதெல்லாம் என் பொறுப்பு. சூடான இரும்பு ஈரத் துணியில் படும்போது ஒரு வாசனை வரும் பாருங்கள், பாதி சோறு, பாதி மழை. இன்றைக்கும் யாராவது வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டால் எனக்குப் பசிக்கிறது.

குவார்ட்டர்ஸ் ஆட்கள் வருசத்துக்கு ஒரு நாடகம் போடுவார்கள். ரயில்வேக்காரர்கள் கூடுகிற மண்டபம் ஒன்று இருந்தது. திருவிழா முடிந்த பிறகு வருகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கேதான் நாடகம். ராத்திரி போட முடியாது, பாதிப் பேர் ஷிஃப்டுக்குப் போயிருப்பார்கள். மத்தியானம் போட்டால் தகரக் கூரை காயும், பூசின சாயமெல்லாம் கழுத்துக்கு இறங்கிவிடும். கண்ணகி மாதிரி கண்ணெரிய நிற்கிறாள் என்று நாங்கள் பயந்து பார்த்தால், மை கரைந்து கண்ணுக்குள் போய் நிஜமாகவே எரிந்துகொண்டிருக்கும்.

வேசத்துக்குத் துணி எங்கே வாங்குவது? அங்கேதான் எங்கள் கடை. உள்ளதைச் சொல்கிறேன், வாடிக்கைக்காரர்கள் வெளுக்கப் போட்ட துணிதான் மேடைக்குப் போகும். ஞாயிறு மத்தியானம் ராஜா உடுத்துவான், ராத்திரியோடு வெளுத்து, திங்கள் காலையில் சொந்தக்காரர் கைக்குப் போய்விடும். தன் வேட்டி ராஜாங்கம் நடத்திவிட்டு வந்தது அவருக்குத் தெரியாது. மாமா அதைத் திருட்டு என்று நினைத்ததே இல்லை. "சும்மா மடிச்சுக் கெடக்குற துணிதானே, ஒரு பொழுது ஊரப் பாத்துட்டு வரட்டும்" என்பார்.

நாடகம் எழுதுகிறவர் ஒரு கிராணி. ரயில்வே ஆபீசில் எழுத்து வேலை பார்த்ததால் அந்தப் பேர். ஒல்லியாக, எப்போதும் இருமிக்கொண்டே இருப்பார். அவர் எழுதுகிற எல்லா நாடகமும் பழிவாங்குகிற நாடகம்தான். நேரில் அவர் ஒரு கொசுவைக்கூட யோசித்துத்தான் அடிப்பார்.

தர்ஷினி அவள் புத்தகத்தில் என்னென்ன உத்தி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். முதலில் பேய். எங்களிடமும் பேய் இருந்தது. கேன்டீன் நடத்தியவர்தான் பேய். முகப்பவுடரை ஒரு டின் முழுக்க அவர்மேல் கொட்டுவார்கள். "மகனே" என்று ஆரம்பித்து, பவுடர் மூக்கில் ஏறித் தும்முவார். கீழே இருக்கிற கிழவிகள் பழக்கத்தில் "தீர்க்காயுசு" என்பார்கள். செத்துப்போய் வந்த பேய்க்கு நீண்ட ஆயுசு சொல்லி அனுப்பிய ஊர் எங்கள் ஊர்.

அப்புறம் தனியாக நின்று பேசுவது. கதாநாயகன் மேடையில் ஒருத்தனாக நின்று மனசில் இருப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்வான், மற்றவர்கள் கேட்கக் கூடாது என்றாள். எங்கள் ஊரில் அது நடக்கவே நடக்காது. "ஐயகோ, என் துயரத்தை யாரிடம் சொல்வேன்" என்று அவன் கேட்டால், முன்வரிசைப் பெண்கள் "எங்ககிட்ட சொல்லுலா, வேற வேலையா இருக்கு" என்பார்கள். "அவன் எங்கே ஒளிந்திருக்கிறான்" என்றால் நாலு பேர் எழுந்து, திரைக்குப் பின்னால் என்று கை காட்டுவார்கள். நடுவில் ரயில் வேறு வரும். ரயில் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு, அப்படியே கையைத் தூக்கியபடி எல்லாரும் சிலையாக நிற்க வேண்டும். கடைசிப் பெட்டி போனதும் விட்ட இடத்திலிருந்து கோபப்பட வேண்டும்.

பைத்தியம் மாதிரி நடிப்பது இன்னொன்றாம். அதற்கும் ஒரு கதை இருக்கிறது, நெத்திலி தீரும்வரை சொல்லலாம். நான் பால் விசயத்துக்கு வருகிறேன்.

எனக்கு முந்திய காலத்தில், மேடையில் செத்த ஒருவர் மறுநாளே காய்ச்சல் கண்டு படுத்துவிட்டாராம். அதிலிருந்து பெண்கள் கூடி ஒரு வழக்கம் வைத்துவிட்டார்கள். மேடையில் யார் செத்தாலும், திரை விழுந்த பிறகு அவர் தானாக எழுந்திருக்கக் கூடாது. யார் கொன்றாரோ அவர் ஒரு தம்ளர் பால் கொண்டு வந்து, வேசப் பேரைச் சொல்லாமல், வீட்டில் என்ன முறை சொல்லிக் கூப்பிடுவாரோ அந்த முறை சொல்லி, "எந்திரிங்க" என்று கூப்பிட வேண்டும். "மாமா எந்திரிங்க", "அண்ணே எந்திரிங்க". அப்புறம் தன் கையாலேயே பாலைக் கொடுக்க வேண்டும். அதோடு சாவு மேடையிலேயே நின்றுவிடும். பால் குடிக்காமல் போனால் சாவு கூடவே வீட்டுக்கு வந்துவிடும். விசம் குடித்துத் தானே செத்தவனுக்கு யார் கொடுப்பது என்று ஒரு வருசம் சண்டை வந்தது. எழுதினவன்தானே கொன்றான் என்று கிராணியைக் கொடுக்க வைத்தார்கள். நடிக்கிற ஆட்கள் சிரித்துக்கொண்டே செய்வார்கள். ஆனால் செய்யாமல் விட்டதில்லை, வீட்டில் சேர்க்க மாட்டார்களே.

இப்போது ரெங்கசாமியைச் சொல்ல வேண்டும். ஆள் உயரம், தொண்டை இன்னும் உயரம். எல்லா நாடகத்திலும் அவர்தான் வில்லன். அவர் சிரித்தால் தொட்டில் பிள்ளை அழும். நிஜத்தில் அவர் வேலை, ரயில் பெட்டிகளைக் கோக்கிற இடத்தில் கொடி காட்டுவது. பெட்டிக்கு நடுவில் குனிந்து கொக்கி மாட்டுகிறவர் வெளியே வந்ததும் இவர் பச்சைக் கொடி ஆட்டுவார், என்ஜின் தள்ளும். கொக்கி மாட்டுகிறவர் இவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர், உயிர்ச் சிநேகிதர். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். ஒரு மழைநாள் காலையில் சிநேகிதர் வெளியே வருவதற்குள் என்ஜின் தள்ளிவிட்டது.

விசாரித்தார்கள். யார்மேலும் குற்றமில்லை, மழை என்றார்கள். குவார்ட்டர்ஸில் அப்படிச் சொல்லவில்லை. கொடியைக் கொஞ்சம் முன்னாடியே ஆட்டிவிட்டான் என்று குசுகுசுத்தார்கள். செத்தவருக்கு ஒரே மகன், தனபாலன். அவனும் அப்போதுதான் ரயில்வேயில் சேர்ந்திருந்தான். சுடுகாட்டிலேயே, எல்லாரும் கேட்க, ரெங்கசாமியைக் கை காட்டிச் சொன்னான்: "இந்த ஆளோட இனிமே எனக்குப் பேச்சு கிடையாது. பேசுனா நான் எங்கப்பனுக்குப் பொறந்தவன் இல்ல."

ரெங்கசாமி தலையில் போட்டிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார் என்று மாமா வந்து சொன்னார். தனபாலன் சின்னப் பிள்ளையிலிருந்து அவரைச் சித்தப்பா என்று கூப்பிட்டு வளர்ந்தவன். அவர் தோளில் உட்கார்ந்துதான் தேர் பார்த்தான்.

தர்ஷினி சொன்னாளே, அந்தக் கதையில் மகன் தள்ளிப் போட்டுக்கொண்டே போகிறான் என்று. பெரிய பெரிய ஆட்கள் அதற்கு நிறைய காரணம் எழுதியிருக்கிறார்களாம். "கொன்னவனும் இவனும் ஒரே வீட்லதானே இருக்காங்க? காலைல எழுந்தா ஒரே கொழாயில தண்ணி புடிக்கணும். அப்புறம் எப்படி டக்குன்னு கொல்றது?" என்றேன். "அதை எழுதுனா மார்க் வராது பாட்டி" என்றாள். வராவிட்டால் போகட்டும். தனபாலனின் அம்மா அன்னம்மா அக்காவும் ரெங்கசாமியின் மனைவியும் அப்படித்தான் தினமும் ஒரே குழாயடியில் நின்றார்கள். ஒருத்தி வாளி நிறைந்ததும் மற்றவளைப் பார்க்காமல் வாளியை மட்டும் நகர்த்தி இடம் விடுவாள். அவ்வளவுதான் பேச்சு.

மறுவருசம் கிராணி புது நாடகத்தோடு வந்தார். ஜமீன்தாரை அவருடைய காரியஸ்தன் கொன்றுவிடுகிறான். மகன் பழிவாங்குகிறான். கடைசியில் காரியஸ்தன் மகனைக் குத்த, மகன் அதே கத்தியைப் பிடுங்கி அவனைக் குத்த, இரண்டு பேரும் சாகிறார்கள். காரியஸ்தன் ரெங்கசாமி. மகன், தனபாலன்.

கிராணி வேண்டுமென்றே செய்தாரா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. பார்க்கிறவர்களுக்குத் தெரியும், மேடையில் இருக்கிறவனுக்குத் தெரியாது, அதற்கு என்னவோ பேர் சொன்னாள் தர்ஷினி. எங்கள் நாடகத்தில் மேடையில் இருப்பவர்களுக்கும் தெரியும், பார்க்கிறவர்களுக்கும் தெரியும், எழுதினவர் மட்டும் தெரியாத மாதிரி இருமிக்கொண்டிருந்தார். கேட்டால், "அந்தச் சிரிப்பு வேற யாருக்கு வரும்? அந்த உயரத்துக்கு ஈடா வேற எந்தப் பையன் இருக்கான்?" என்றார். தனபாலன் ஒப்புக்கொண்டதுதான் ஆச்சரியம். மேடையிலாவது அவரைக் குத்தலாம் என்று நினைத்திருப்பான்.

ஒத்திகை எங்கள் கடைக்குப் பின்னால், துணி காயப்போடுகிற இடத்தில் நடக்கும். நான் கொடியில் துணி விரித்துக்கொண்டே பார்ப்பேன். எழுதிக் கொடுத்த வசனத்தைத் தவிர இருவரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். "அடே துரோகி" என்று முழங்குவான். வசனம் முடிந்ததும் வாயில் பூட்டு.

ஒருநாள் ரெங்கசாமி சொன்னார், "கிராணி, அவன்கிட்ட சொல்லுங்க, என் கால மிதிச்சிக்கிட்டு நிக்கிறான்னு."

"அவர்கிட்ட சொல்லுங்க, கால அங்க வெக்கச் சொன்னது யாருன்னு."

கிராணி, "ரெண்டு பேரும் என்கிட்ட சொன்னா, நான் யார்கிட்டப்பா சொல்றது?" என்றார்.

ஒத்திகையில் யாரும் சாக மாட்டார்கள், கத்தியை ஓங்குவதோடு நிறுத்திவிடுவார்கள். அதனால் பால் பேச்சும் வரவில்லை. ஆனால் குழாயடியில் வேறு பேச்சே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை திரை விழுந்த பிறகு தனபாலன் என்ன செய்வான்? "சித்தப்பா எந்திரிங்க" என்று சொன்னால் சுடுகாட்டில் சொன்ன வார்த்தை போச்சு. சொல்லாவிட்டால் அந்த மனுசன் செத்த மாதிரி வீட்டுக்குப் போக வேண்டும். அதைவிட, தனபாலனும்தானே சாகிறான்? அவனுக்கு அந்த ஆள் கையால்தானே பால்? அன்னம்மா அக்கா இதையெல்லாம் கேட்டுக்கொண்டே வாளியைத் தூக்கிப் போவாள். புருசன் போனபிறகு அவளுக்கு மிச்சம் அந்தப் பையன் மட்டும்தான்.

ஞாயிறு வந்தது. மண்டபம் நிறைந்து, சன்னலிலும் ஆள் உட்கார்ந்திருந்தது. ரெங்கசாமிக்குக் கறுப்புக் கோட்டு. தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிற டிரசர் ஒருவருடைய கல்யாணக் கோட்டு அது. திங்கள் காலையில் வாங்க வருவதாகச் சொல்லியிருந்தார். ரத்தத்துக்கு ரோஸ் சிரப். நாம் பாலில் கலந்து குடிக்கிறோமே அதேதான். பலூனில் ஊற்றி உள்ளே கட்டிவிடுவார்கள். கோட்டில் சிரப் படக் கூடாது என்று மாமா கிராணியிடம் சொல்லியும், "கறுப்புல தெரியாது சின்னையா" என்று கட்டிவிட்டார்.

கடைசிக் கட்டம் வந்தபோது மண்டபத்தில் யாரும் பதில் சொல்லவில்லை, கை காட்டவில்லை. ரயில்கூட வரவில்லை. காரியஸ்தன் குத்தினான். மகன் தள்ளாடிக்கொண்டே கத்தியைப் பிடுங்கினான். அது மரக்கத்திதான், வெள்ளித்தாள் ஒட்டினது, நானே பார்த்தேன். இருந்தும் அவன் ஓங்கின வேகத்துக்கு, ரெங்கசாமியின் மனைவி எழுந்து நின்றுவிட்டாள். "என் தகப்பனை என்னிடமிருந்து பிரித்தவனே" என்று ஒரு வசனம். அதைச் சொல்லும்போது அவன் குரல் கிராணி எழுதின குரலாக இல்லை. குத்தினான். பலூன் உடைந்தது. ரெங்கசாமி விழுந்தார். தனபாலனும் பக்கத்தில் விழுந்தான். திரை இறங்கியது. எல்லாரும் கைதட்டவும் மறந்து, திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

துணி வாங்க நான் திரைக்குப் பின்னால் ஓடினேன், அங்கே தம்ளர்களில் பால் தயாராக இருந்தது. தனபாலன் எழுந்தான். தம்ளரைப் பார்த்தான். படுத்திருந்தவரைப் பார்த்தான். பின்வாசல் வழியாக, வேசத்தோடு, வெயிலில் இறங்கிப் போய்விட்டான்.

கிராணி, "நீங்க எந்திரிங்கண்ணே, நான் பால் தரேன்" என்றார்.

ரெங்கசாமி கண்ணைத் திறக்காமல், "கொன்னவன் வரட்டும்" என்றார்.

"அவன் வரமாட்டான்ணே."

"அப்ப நான் செத்தவனாவே கெடக்குறேன்."

கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது, திரையையும் சுருட்டிவிட்டார்கள். அவர் மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் விசிறினாள். எழுந்திரு என்று அவளும் சொல்லவில்லை. மண்டபத்துக் காவலுக்கு இருந்த ஜாகா ஒரு சீக்கியப் பெரியவர். கதவைப் பூட்ட வந்தவர் மேடையில் ஆள் கிடப்பதைப் பார்த்து, "சூடா ஹாபிஸ்?" என்று மலாயில் கேட்டார், முடிந்துவிட்டதா என்று. "பெலும், பாய்" என்றார் கிராணி, இன்னும் இல்லை என்று. பெரியவர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார், இன்னொரு காட்சி இருக்கிறது போல என்று நினைத்து.

என் கவலை வேறு. மாமா, "சிரப் காஞ்சா கறை போவாது. நீ போயி அந்தப் பையன்கிட்ட இருக்குற பட்டு வேட்டியவாவது வாங்கிட்டு வா. கோட்டு அந்தப் பொணம் எந்திரிச்சாதான்" என்று விரட்டினார். ஓடினேன்.

தனபாலன் வீட்டு வாசலில் நின்றிருந்தான். உள்ளே போகவில்லை, போக முடியவில்லை. கதவை மறித்துக்கொண்டு அன்னம்மா அக்கா நின்றாள்.

"நவுரும்மா."

"நீ பால் குடிச்சியா?"

"அதெல்லாம் சும்மாம்மா. மூட நம்பிக்கை."

"குடிச்சியா இல்லையா?"

"அவன் கையால நான் குடிக்கணுமா? நீ சொல்றியா இத? நீயே அவன் மூஞ்சில முழிக்க மாட்டே."

"நான் முழிக்க மாட்டேன். நீ குடிச்சிட்டு வா."

"எங்கப்பனக் கொன்னவன்மா அவன்."

"உங்கப்பன் போயிட்டாரு. எனக்கு நீ ஒருத்தன்தான் பாக்கி. செத்தவன வீட்டுக்குள்ள விடமாட்டேன். வெளியவே நில்லு."

அந்த இடத்தில் நான் போய், "அண்ணே, வேட்டி" என்று கேட்டேன். இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் வேட்டி வேண்டாம் என்று ஆகிவிட்டது. அக்கா கேட்டாள், "அந்த ஆளு எங்க?"

"மேடையிலயே கெடக்குறாரு. அண்ணன் வந்து கூப்புட்டாதான் எந்திரிப்பாராம்."

அக்கா கதவைச் சாத்திவிட்டு அவளே முன்னால் நடந்தாள். பையன் பின்னால் போனான். நான் வேட்டியைப் பார்த்துக்கொண்டே அதற்கும் பின்னால்.

மண்டபத்துக்குள் போனதும் நான் முதலில் பார்த்தது எறும்பு. சிரப் ஆயிற்றே. சுவரோரத்திலிருந்து மேடைவரை சிவப்பாக ஒரு வரிசை. கோட்டு முழுக்க, கழுத்து முழுக்க, காது மடலில் எல்லாம் ஏறியிருந்தது. ரெங்கசாமியின் கன்னம் துடித்தது. ஆனால் கையைத் தூக்கவில்லை. மனைவி தட்டிவிட்டால் "விடு, செத்தவனுக்கு என்ன" என்று பல்லுக்குள் சொன்னார்.

கிராணி தம்ளரை எடுத்துத் தனபாலன் கையில் கொடுத்தார். அவன் வாங்கிக்கொண்டு மண்டியிட்டான். தம்ளர் சாய்ந்து பால் கோட்டின்மேல் சிந்தியது. கம்பளித் துணியில் பால் கறை எவ்வளவு பாடு என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதைத்தான் நினைத்தேன். ஜாகா பெரியவர் மட்டும் நாற்காலியில் முன்னால் குனிந்து உட்கார்ந்தார்.

ஒரு எறும்பு ரெங்கசாமியின் இமையில் ஏறியது. தனபாலன் விரலால் அதை எடுத்துப் போட்டான். இன்னொன்றையும் எடுத்தான்.

"எறும்பு கடிக்குது பாருங்க" என்றான். "எந்திரிங்க சித்தப்பா."

அவர் எழுந்து உட்கார்ந்தார். தம்ளரை வாங்கிப் பாதி குடித்தார். அப்புறம் இன்னொரு தம்ளரை எடுத்து, தம் கையால் அவனிடம் நீட்டி, "எந்திரிடா மகனே" என்றார். அவன் மண்டியிட்டபடியே குடித்தான், வேகமாக, மருந்து மாதிரி.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். அன்னம்மா அக்கா மேடைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல், அவர் கையிலிருந்த தம்ளரைப் பார்த்துக் கேட்டாள்.

"அவரு போறப்ப, வாய்ல ஏதாச்சும் ஊத்துனாங்களா?"

ரெங்கசாமி தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "தண்ணி கேட்டான். என் போத்தல்ல தேத்தண்ணிதான் இருந்துச்சு. தலைய மடியில வெச்சுக் குடுத்தேன். ரெண்டு வாய் குடிச்சான்."

"சூடா இருந்துச்சா?"

"ஆறிப்போயிருந்துச்சு."

அக்கா தலையாட்டினாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பி நடந்தாள். கொடியைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் யாரும் கேட்கவில்லை.

கோட்டு என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? இருட்டும்வரை வெந்நீரிலும் சோப்பிலும் போராடினோம். கறை போனது, கோட்டுதான் ஒரு சுற்று சுருங்கிவிட்டது. டிரசர் போட்டுப் பார்த்துவிட்டு, "நான்தான் பெருத்துட்டேன் போல" என்று சிரித்தார். மாமா, "குடும்பஸ்தன்னா அப்படித்தான்" என்றார்.

தனபாலனும் ரெங்கசாமியும் அப்புறம் கட்டிப்பிடித்து அழவில்லை, நீங்கள் அப்படியெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம். வேலைக்குப் போகிறபோது ஒருத்தரையொருத்தர் கடந்தால், "வரேன்" என்பான், "ம்" என்பார். தீபாவளிக்கு இரண்டு வீட்டுக்கும் பலகாரம் வந்து போனது. பேசாமல்தான் வந்து போனது. குழாயடியில் அன்னம்மா அக்கா வாளியை நகர்த்தும்போது, மற்ற வாளியையும் சேர்த்துக் குழாய்க்கு அடியில் தள்ளிவிடுவாள். அந்த அளவுதான். அந்த அளவிலேயே இரண்டு குடும்பமும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்து பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டார்கள்.

நாடகம் அப்புறம் சில வருசம்தான் நடந்தது. தொலைக்காட்சிப் பெட்டி வந்தது, கிராணி இருமிக்கொண்டே போய்ச் சேர்ந்தார், மண்டபத்தைச் சாமான் போட்டு வைக்க எடுத்துக்கொண்டார்கள். பிறகு குவார்ட்டர்ஸையே காலி பண்ணச் சொன்னார்கள். ஆளுக்கொரு பக்கம், சிலர் காஜாங், சிலர் போர்ட் கிள்ளான், சிலர் எங்கே என்றே தெரியவில்லை. போன தைப்பூசத்துக்கு முன்னால் மகன் என்னைப் பிரிக்பீல்ட்ஸுக்கு அழைத்துப்போனான். டோபிக் கடை இருந்த மூலையைத் தேடினேன். வண்டி நிறுத்துகிற கட்டடம் நிற்கிறது, மேலே மேலே ஏறிப் போகிறது. அந்தச் சுவர், அந்தக் குழாய், ஒன்றுக்கும் அடையாளமில்லை.

இங்கே கிள்ளானில், இந்த அடுக்குமாடியில், எங்களுக்கும் ஒரு பகை உண்டு. மேல்மாடியில் யாரோ ஒரு குடும்பம். காடி, அதான் கார், நிறுத்துகிற இடத்துக்காக வந்த சண்டை. கைப்பேசியில்தான் ஆரம்பித்தது. அவர்கள் என்னவோ எழுதினார்களாம், மகன் என்னவோ எழுதினானாம், அப்புறம் ஒருத்தர் எழுதுவது மற்றவருக்கு வராமல் இரண்டு பக்கமும் அடைத்துவிட்டார்களாம். "யாருப்பா அவங்க, எப்படி இருப்பாங்க?" என்று கேட்டேன். "தெரியாதும்மா, பேரு மட்டும்தான் தெரியும், படத்துல மூஞ்சிக்குப் பதிலா பூ வெச்சிருந்தாங்க" என்றான்.

நேற்றுக் காய்கறி வாங்கிக்கொண்டு லிஃப்டில் ஏறினேன். என் வயசுப் பெண்மணி ஒருவர் உள்ளே நின்றிருந்தார். மேல்மாடிப் பொத்தானை அழுத்தியிருந்தார். கையில் கறிவேப்பிலைக் கட்டு. அவர்தானோ, இல்லை வேறு யாரோ. என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று யோசித்துக்கொண்டே நின்றேன். அவரும் என்னை ஒருதரம் பார்த்தார். எங்கள் மாடி வந்தது, கதவு திறந்தது, இறங்கிவிட்டேன்.